சக்கரம் தரையை விடும் வரை

என் பழைய மேலதிகாரி நிரன் இறந்த செய்தியை அவருடைய நாடான தாய்லாந்தின் பத்திரிகை ஒன்று இரண்டு சிறிய பத்திகளில் முடித்துவிட்டிருந்தது. பாங்காக்கில் இருக்கும் என் பழைய சக ஊழியர் ஒருவர் அதைப் படமெடுத்து அனுப்பினார். முதல் பத்தி, அவர் அமைச்சராக இருந்ததைப் பற்றியது. இரண்டாவது பத்தியின் கடைசி வாக்கியத்தில்தான், அதற்கு முன் அவர் பல நாடுகளில் தூதரகப் பணியில் இருந்தார் என்ற விவரம் வந்தது. ஒரு வருடம்கூட வகிக்காத பதவி முன்னால் நின்றது. வாழ்நாள் முழுவதும் செய்த வேலை பின்னால் நின்றது. யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்த மனிதருக்கு இந்த வரிசை பொருந்தவில்லை என்று எனக்குப் பட்டது.

எழுதத் தூண்டியது அது மட்டுமல்ல. இந்த வருடப் பொங்கல் விழாவில், இங்கே மாண்ட்ரியலில் வேறொரு நாட்டின் தூதரக அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நிவேதா என்ற பெண் தன் வேலையைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். விருந்தினரை வழியனுப்பப் போனால் பாதுகாப்புச் சோதனை வரைக்கும் கூடப் போய், கையசைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்களாம். “அதுக்கு மேல எதுக்கு மேடம் நிக்கணும்? கிளம்பிடுச்சான்னு போன்லயே காட்டுதே” என்றாள். கேள்வியில் தவறில்லை. ஆனால் சர்க்கரைப் பொங்கல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எனக்கு அது இல்லை.

நான் சென்னையில் அரசியல் அறிவியல் முதுகலை படித்தவள். கணவரின் பொறியாளர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். பனியில் நடக்கவும் பிரெஞ்சு மொழியில் மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்ட பிறகு வேலை தேடினேன். விமானப் போக்குவரத்து பற்றிய பன்னாட்டுக் கூட்டங்கள் இங்கே நடப்பதால், பல நாடுகள் மாண்ட்ரியலில் சிறிய தொடர்பு அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. தாய்லாந்தின் அலுவலகத்தில் உள்ளூர் உதவியாளராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். கொடியை எந்தப் பக்கம் வைப்பது, யாருக்கு அருகில் யாரை உட்கார வைக்கக் கூடாது, ஒரு மறுப்பை நன்றிக் கடிதம் போல எழுதுவது எப்படி என்பதையெல்லாம் கற்றுக்கொள்வதில் முதல் சில வருடங்கள் போயின. தாய்லாந்து மொழியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுப் படிந்தது. அவர்கள் என்னை ‘பி வசந்தி’ என்றார்கள். ‘பி’ என்றால் மூத்தவர். நம் ‘அக்கா’வுக்குச் சமம்.

அலுவலகக் கார் ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக் குகன். என்னைவிடச் சில வயது இளையவர். என்னை ‘அக்கா’ என்பார். அவருடைய மனைவி, விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்தார். எந்தத் தூதர் வந்தாலும் முதல் வாரத்திலேயே அவரைப் பற்றிக் குகன் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார். நிரன் அலுவலகத் தலைவராக வந்த வாரத்தில் குகன் சொன்னது: “இவர் பின்சீற்றில சாய்ஞ்சு இருக்கிறேல்ல அக்கா. முதுகு சீற்றில படாது. கஷ்டமான ஆள்.”

அது உண்மைதான் என்பதைச் சில நாட்களிலேயே கண்டேன். பாங்காக்கிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் உயர் அதிகாரியை வழியனுப்ப டோர்வல் விமான நிலையத்துக்குப் போனோம். எங்களிடம் அலுவல் அனுமதி இருந்ததால் விமான வாசல் வரை கூடச் சென்றோம். அவர் உள்ளே போனார். கதவு மூடப்பட்டது. நான் திரும்பி நடக்கத் தொடங்கினேன். கூட வரும் காலடிச் சத்தம் கேட்காததால் நின்று பார்த்தேன். நிரன் கண்ணாடிச் சுவரோரம், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இன்னும் போகவில்லை” என்றார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவர் சொன்னவற்றை என் தமிழில் தருகிறேன்.

விமானம் வாசலை விட்டு நகர்ந்தது. பனி உருக்கும் மருந்தைத் தெளிக்கும் வண்டிகளுக்கு அருகில் போய் வரிசையில் நின்றது. அவரும் நின்றார். அது ஓடி, எழும்பி, சக்கரங்கள் உள்ளே மடங்கிய பிறகே கைகளைப் பிரித்தார். திரும்பி வரும்போது காரணம் சொன்னார். சக்கரம் தரையில் இருக்கும் வரை விருந்தினர் நம்முடையவர். எந்திரக் கோளாறோ உடல்நலக் குறைவோ வந்து விமானம் திரும்பினால், அவர் வெளியே வரும்போது வாசலில் யாரும் இல்லை என்ற நிலை வரக் கூடாது. உலகெங்கும் தூதரக மரபு அதுதான். இப்போதெல்லாம் பலர் பின்பற்றுவதில்லை, அவ்வளவே என்றார்.

காரில் ஏறியதும் குகன் என் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பித் தமிழில் முணுமுணுத்தார். “பிளேன் எழும்பினாப் பிறகு அங்கால போய் விழுந்திடுமோ எண்டும் பாத்திட்டே வாறியள்?”

அந்த மரபை நிரன் கடைப்பிடித்த விதம்தான் எனக்குப் புதிது. உயர் அதிகாரிகளுக்கு மட்டுமென்று அதை அவர் வைத்துக்கொள்ளவில்லை. உணவகச் சமையல்காரர் ஒருவர் விபத்தில் கால் இழந்து ஊர் திரும்பியபோதும், ஊருக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் வேளாண்மை படித்த மாணவர் ஒருவர் மனம் உடைந்து படிப்பை விட்டுப் போனபோதும், அதே கறுப்புக் கோட்டில் அதே கண்ணாடியோரம் நின்றார். அந்த மாணவர் அதை அறியவே இல்லை.

வேறு இரண்டு பழக்கங்களும் அவரிடம் இருந்தன. குடும்பங்களுக்கு அனுப்பும் எந்தச் செய்தியிலும் ‘நம்புகிறோம்’ என்ற சொல்லை அவர் அனுமதிக்க மாட்டார். நான் எழுதியிருந்தால் மெல்லிய கோடு ஒன்று போட்டு அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதச் சொல்வார். நம்முடைய நம்பிக்கையை அவர்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள் என்பார். இன்னொன்று, மரணச் செய்தி பற்றியது. துக்கச் செய்தி குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் வாயால் முதலில் போக வேண்டும். பதவியில் இருப்பவர் அதற்குப் பிறகே போக வேண்டும். பதவி முன்னால் போனால் அந்தக் குடும்பத்தால் அழக்கூட முடியாது, நாற்காலி தேடி ஓடுவார்கள் என்று அவர் விளக்கினார்.

மாலியைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் குகனின் மனைவி. மாலி, வடகிழக்குத் தாய்லாந்தின் ஒரு சிறு கிராமத்திலிருந்து, இங்குள்ள ஒருவரை மணந்து வந்தவர். அந்த மணம் நிலைக்கவில்லை. முதல் கணவருக்குப் பிறந்த மகள் பிம், ஊரில் மாலியின் அக்காவிடம் வளர்ந்தாள். மாலி டோர்வல் சமையற்கூடத்தின் குளிர் அறையில், விமான உணவுத் தட்டுகளில் ரொட்டியையும் வெண்ணெயையும் வைக்கும் வரிசையில் வேலை செய்தார். வயிற்று வலியைக் குளிர் அறையின் வலி என்று நினைத்து நெடுங்காலம் பொறுத்திருந்தார். மருத்துவமனைக்குப் போனபோது புற்றுநோய் கணையத்தில் தொடங்கி ஈரல் வரை பரவியிருந்தது.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். உயிரோடு ஊருக்குப் போய் மகளைப் பார்க்க வேண்டும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளியைப் பாதி உலகத்தைச் சுற்றி அனுப்ப வேண்டுமானால், விமானத்தின் பின்பகுதியில் இருக்கைகளை மடித்து அதன் மேல் தூக்குப்படுக்கை கட்ட வேண்டும், திரை போட வேண்டும், பிராணவாயு வேண்டும், கூடவே ஒரு செவிலியர் வேண்டும். விமான நிறுவனத்தின் மருத்துவர் ஒப்புதல் தர வேண்டும். அவர் ஒப்புதல் தருவதற்கு இங்குள்ள மருத்துவர் ‘பறக்கத் தகுதி உண்டு’ என்று எழுத வேண்டும். மாலியைப் பார்த்த மருத்துவர் கண்டிப்பானவர். இரத்த அளவு மிகவும் குறைந்திருக்கிறது, இப்படியே விமானத்தில் ஏற்றினால் நான் கொலை செய்ததாகும் என்று மறுத்துவிட்டார். நிரன் அவரோடு வாதம் செய்யவில்லை. என்ன இருந்தால் கையெழுத்திடுவீர்கள் என்று கேட்டார். இரத்தம் ஏற்றினால் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் தாங்குவார் என்றார் அவர். உடனே அதற்கு ஏற்றபடி பயணத்தை அமைத்தார் நிரன். புதன்கிழமை இரத்தம் ஏற்றுவது, வியாழக்கிழமை விமானம்.

பிறகு, நாங்கள் யாரும் கேட்கத் துணியாத கேள்வியை அவர் கேட்டார். வழியில் உயிர் பிரிந்தால் எந்த நாட்டில் இறக்குவார்கள், அங்கே உடலை யார் பொறுப்பேற்பது? இடையில் விமானம் மாறும் நாட்டிலுள்ள தங்கள் தூதரகத்தோடு பேசி அதற்கும் ஏற்பாடு செய்தார். அதோடு நிற்கவில்லை. மருத்துவமனைக்குப் போய் மாலியின் கட்டில் அருகே அமர்ந்து, அதை அவரிடமே சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வழியில் உயிர் பிரியக்கூடும், அப்படியானால் தெரியாத ஊரில் உங்களை இறக்குவார்கள், இங்கே இருந்தால் வலியைக் குறைத்து வைத்துக்கொள்ள முடியும், எதை விரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

மாலி கூரையைப் பார்த்தபடி பேசினார். “வழியில் என்றால், வீட்டுக்குப் போகிற வழியில்தானே” என்றார்.

அடுத்த வாரம் பாங்காக்கில் புதிய அமைச்சரவை அமைக்கப்பட்டது. கட்சி சாராத சில அனுபவசாலிகளை அதில் சேர்த்தார்கள். வெளிநாடுகளில் உழைக்கும் தொழிலாளர்களையும் கவனிக்கும் ஒரு துறைக்கு நிரனைக் கேட்டார்கள். பதவி ஏற்புக்கு அவர் புதன்கிழமையே புறப்பட்டாக வேண்டும்.

அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மாலியின் பயணத்தைப் புதனுக்கு மாற்றினால் இரத்தம் ஏற்ற முடியாது. தன் பயணத்தை வியாழனுக்கு மாற்றினால் பதவி ஏற்பு தவறும். இரண்டையும் சொல்லிவிட்டு, “ஓர் அமைச்சர் இந்த மாதிரி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்ப முடியும், வசந்தி?” என்று கேட்டார்.

நானும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளியைக் கண்ணாடியோரம் நின்று வழியனுப்புவது ஒரு மனிதருக்குச் செய்யும் மரியாதை. ஆயிரம் பேருக்கான விதியை மாற்றும் இடத்தில் அமர்வது வேறு. அப்படித்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அவர் தலையசைத்தார். ஆனால் மகிழ்ச்சியாக இல்லை.

செவ்வாயன்று மருத்துவமனைக்குப் போய் மாலியிடம் விடைபெற்றார். அமைச்சராகப் போகிறவர் என்று செவிலியர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். மாலி படுத்தபடியே கைகூப்ப முயன்றார். நிரன் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே வைத்தார். “பாங்காக்கில் நீங்கள் இறங்கும்போது வாசலில் நான் நிற்பேன். நானே உங்களை ஊருக்கு அழைத்துப் போய் மகளிடம் விடுவேன்” என்றார். கடிதங்களில் ‘நம்புகிறோம்’ என்று எழுத விடாத மனிதர் ஒரு வாக்குக் கொடுத்ததை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

புதன்கிழமை அவரை வழியனுப்பினோம். சக்கரங்கள் மடங்கும் வரை நின்றேன்.

வியாழக்கிழமை பனி இல்லை, நல்ல வெயில். மாலியைத் தூக்குப்படுக்கையோடு விமானத்தின் பின்வாசல் உயரத்துக்கு ஏற்றும் வண்டியில் கொண்டுபோனார்கள். அதன் மறுபுறம் உணவு ஏற்றும் வண்டி நின்றிருந்தது. சமையற்கூடத்துப் பெண்கள் சிலர் அன்றைய உணவு ஏற்றும் பணிக்குத் தாங்களே கேட்டு வந்திருந்தார்கள். குகனின் மனைவியும் அவர்களில் ஒருவர். வலைத்தொப்பியும் கையுறையுமாக அவர்கள் வாசலில் நின்று மாலிக்குக் கைகாட்டினார்கள். மாலியின் முகத்தில் அன்று ஒரு தெளிவு இருந்தது. இரத்தம் ஏற்றியதாலும் இருக்கலாம்.

மாலியின் பையைத் தூக்கி வந்த குகனுக்கும் அன்று அனுமதி வாங்கியிருந்தேன். இருவரும் கண்ணாடியோரம் நின்றோம். விமானம் வாசலை விட்டுப் பின்னால் நகர்ந்தது. மேலே தொங்கிய அறிவிப்புப் பலகையில் அதன் எதிரே ‘புறப்பட்டது’ என்று மாறியது.

“சரி அக்கா, வெளிக்கிட்டாச்சு. கோப்பி ஒண்டு குடிப்பமே?” என்றார் குகன்.

“இருங்க குகன். இன்னும் போகல.”

“உங்களுக்கும் தொத்திப் போட்டுது அந்த மனுசன்ர வருத்தம்” என்று சிரித்தார்; வருத்தம் என்றால் அவர் பேச்சில் நோய். ஆனால் நகரவில்லை.

விமானம் ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நின்றது. முன்னால் இருந்தவை ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. எங்களுடையது அசையவில்லை. பிறகு மெதுவாக மூக்கைத் திருப்பியது. பக்கத்துப் பாதை வழியாக, வந்த திசையிலேயே வரத் தொடங்கியது.

குகன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “அக்கா, உது எங்கட பிளேனெல்லே?”

மாலிக்கு மூச்சு முட்டியிருந்தது. கூட வந்த செவிலியர் சொன்னதும் விமானி திருப்பிவிட்டார். நாங்கள் அங்கேயே இருந்ததால் கதவு திறந்தபோது நான் வாசலில் இருந்தேன். ஆம்புலன்ஸில் அவரோடு ஏறினேன். ஜன்னலில் அதே டோர்வல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிராணவாயு மூடிக்குள்ளிருந்து மாலி கண் திறந்தார். என் முகத்தை அவர் அடையாளம் கண்டாரா என்று தெரியாது. தாய்லாந்து மொழியில், மிக மெல்ல, “வந்துட்டோமா?” என்று கேட்டார்.

எனக்கு அந்த மொழியில் பெரிய வாக்கியங்கள் வராது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு சொல் போதும். “வந்துட்டோம்” என்றேன்.

அன்று மாலையே அவர் போய்விட்டார். நானும் குகனின் மனைவியும் இரண்டு பக்கமும் இருந்தோம். அந்த விமானம் மாலியை இறக்கிவிட்டுச் சிறிது நேரத்தில் மீண்டும் கிளம்பிப் போயிருந்தது. பலகையில் ‘புறப்பட்டது’ என்ற சொல் அப்படியே இருந்தது என்று குகன் பிறகு சொன்னார்.

நிரனைத் தொலைபேசியில் அழைத்தேன். அழைப்பு அவரிடம் நேராகப் போகவில்லை. இப்போது அவருக்கு முன்னால் செயலாளர்கள் இருந்தார்கள். நெடுநேரம் கழித்து அவர் குரல் வந்தது. சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “வாசலில் யார் இருந்தீர்கள்?” நான் இருந்ததைச் சொன்னேன்.

மாலியின் அக்காவோடு பேசி, அவர் விருப்பப்படி உடலை இங்கேயே தகனம் செய்தோம். இங்குள்ள சிறு விகாரையின் பிக்கு வந்து ஓதினார். அஸ்திக் கலசத்தைப் பாங்காக்குக்கு அனுப்பினோம். அதன் பிறகு நடந்ததை நான் வெகு காலம் அறியவில்லை. அமைச்சரவை கலைந்தது என்று செய்தி படித்தேன். நிரனுக்கு ஐரோப்பாவில் ஒரு பெரிய தூதர் பதவி தரப்பட்டது, அவர் மறுத்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

சில வருடங்கள் கழித்து, நான் ஓய்வு பெறும் சமயத்தில், அவர் மாண்ட்ரியலுக்கு வந்தார். கோட்டு இல்லை, சாதாரணக் கம்பளிச் சட்டை. மிகவும் மெலிந்திருந்தார். எந்த வேலையும் இல்லை, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். குகன் தன் சொந்தக் காரில் எங்களை ஜான்-டலோன் சந்தைக்கு அழைத்துப் போனார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். குகன் காப்பி வாங்கப் போனார். அப்போதுதான் நிரன் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை இரவு பாங்காக்கில் அவருடைய செயலாளர் கணினியில் பார்த்திருக்கிறார். ‘புறப்பட்டது’ என்று இருந்தது. அமைச்சர் கொடுத்த வாக்கு அவருக்குத் தெரியும். உடனே மாவட்ட அதிகாரிக்குச் சொல்லிவிட்டார்: அந்தப் பெண்மணி கிளம்பிவிட்டார், அமைச்சரே நேரில் அழைத்து வருகிறார். விடிந்ததும் அது பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. பிம் வகுப்பெல்லாம் சொல்லி வைத்தாள்.

மரணச் செய்தி வந்ததும் நிரன் தன் பழைய விதிப்படியே உத்தரவிட்டார். மாவட்ட அதிகாரி, பள்ளி ஆசிரியரோடும் பெரியம்மாவோடும் சேர்ந்து குழந்தையிடம் முதலில் சொல்ல வேண்டும். அஸ்தியோடு நான் பின்னால் வருவேன். உத்தரவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அமைச்சரே வரப்போகிறார் என்பதும் கூடவே போய்ச் சேர்ந்தது. பெரியவர் சொல்ல வேண்டியதை நாம் முந்திக்கொண்டு சொல்வதா என்று மாவட்ட அதிகாரி தயங்கினார். அதிகாரியே சொல்லாதபோது நான் எப்படிச் சொல்வேன் என்று ஆசிரியர் தயங்கினார். பெரியம்மா அழுகையை அடக்கிக்கொண்டு, அமைச்சர் வாயால் வருவதுதான் முறை என்று காத்திருந்தார். பெரியவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் மொழியில் ‘கிரெங் ஜை’ என்று பெயர். நல்ல குணமாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பயணம் தாமதம் என்று மட்டும் குழந்தையிடம் சொல்லி வைத்தார்கள்.

“என்னிடம், குழந்தை தயாராக இருக்கிறாள் என்று சொன்னார்கள்” என்றார் நிரன். “தூதராக இருந்தபோது எனக்குச் செய்திகள் வந்தன, வசந்தி. அமைச்சரான பிறகு ஏற்பாடுகள்தான் வந்தன.”

அமைச்சர் வரும்போது வழக்கமாகச் செய்வதைக் கிராமத்தில் செய்திருந்தார்கள். சாலையின் இரு பக்கமும் பள்ளிப் பிள்ளைகள் கையில் சிறு கொடியோடு நின்றார்கள். மாகாண அதிகாரிகளின் கார்கள் முன்னும் பின்னும் வந்தன. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தும், அது அவருடைய பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது காரில் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், வணக்கம் சொல்ல வந்த அதிகாரிகளுக்காக அதை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். வரிசையின் முன்னால் ஒரு சிறுமி நின்றிருந்தாள். கொடியோடு ஒரு மல்லிகைச் சரமும் வைத்திருந்தாள். அவரைப் பார்த்து முறைப்படி கைகூப்பினாள். அவர் அவள் முன் குனிந்தார். அம்மா இறந்தது பிம்முக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டாள்: “அம்மா எந்தக் காரில் இருக்கிறார்?”

சந்தையில் யாரோ கடைசிக் கூடையை மலிவாகக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“நான் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிப் பழகியவன்” என்றார் நிரன். “யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. இரண்டாவது காரில் என்றேன். அவள் ஓடினாள்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை அவரைத் தொட்டதில்லை.

அமைச்சராக அவர் செய்தவை குறைவல்ல. வெளிநாட்டில் நோயுற்ற தொழிலாளர்களைத் திருப்பி அழைக்க ஒரு தனிப் பிரிவே அவரால் வந்தது. நாங்கள் அன்று வாரக்கணக்கில் அலைந்து செய்ததை இன்று அங்கே ஒரே இடத்தில் முடிக்கிறார்கள். அதனால் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் பலர். நான் அன்று அவரிடம் சொன்ன கணக்கு தவறவில்லை என்பது அதற்குச் சான்று. அதை அவரிடம் சொன்னேன். “தெரியும்” என்றார். “அந்தச் சிறுமியிடம் அதைச் சொல்ல முடியாது.”

ஒவ்வொரு வருடமும் அவர் அந்தக் கிராமத்துக்குப் போகிறாராம், பேருந்தில், தனியாக. வளர்ந்துவிட்ட பிம், வந்தவருக்குக் கொடுக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பாள். கைகூப்புவாள். உள்ளே போய்விடுவாள். பேசியதே இல்லை.

கடைசியாக அவர் கேட்டது மாலியைப் பற்றி. ஆம்புலன்ஸில் ஏதாவது சொன்னாரா? அவருக்கு நான் முன்பு சொல்லாதிருந்ததைச் சொன்னேன்: மாலி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும்.

“அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்” என்றார். “ஆனால் அவரிடம் யாரோ ஒருவர் அதைச் சொன்னதில் எனக்கு நிம்மதி.”

குகன் மூன்று கோப்பைகளைச் சமாளித்துக்கொண்டு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நிரனிடம் தன் ஆங்கிலத்தில், “சேர், கொஞ்சம் சாய்ஞ்சு இருங்கோவன், இப்ப நீங்கள் அமைச்சர் இல்லைத்தானே” என்ற பொருளில் ஏதோ சொன்னார். நிரன் சிரித்துவிட்டு, பெஞ்சில் முதுகு சாய்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் கிளம்பினார். என்னிடம் இப்போது அலுவல் அனுமதி கிடையாது. பாதுகாப்புச் சோதனை வாசலில் அவர் நின்று, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், குளிர் அதிகம் என்றார். எனக்குக் கைகூப்பிவிட்டுக் குகனுக்கும் கைகூப்பினார். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எப்போதும் பார்ப்பதில்லை.

விமான நிலைய வேலிக்கு வெளியே, ஓடுபாதை தெரியும் ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. அங்கே போகச் சொன்னேன். குகன் காரை வேலியைப் பார்த்து நிறுத்தி, வெப்பத்துக்காக எந்திரத்தை ஓடவிட்டார். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் தன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“அக்கா, ‘புறப்பட்டது’ எண்டு போட்டிருக்கு. போவமே?”

“இன்னும் போகல, குகன்.”

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். எந்திரத்தை நிறுத்தினார். இறங்கி வந்து என் பக்கத்தில், வேலியோரம் நின்றார். பனி உருக்கும் வண்டிகளின் வரிசையைத் தாண்டி அந்த விமானம் வந்தது, ஓடியது, எழும்பியது. நதிப் பக்கமாக வளைந்து, சக்கரங்கள் உள்ளே மடங்கி, மேகத்துக்குள் மறைந்தது. அதன் பிறகும் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். யாரும் திரும்பி வரவில்லை.